ஸ்பிரிங் டிரெயினிங் ஆட்டத்தை வைத்து ஒரு வீரரை எடை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்த நண்பர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்துக்குள் இந்தப் பயிற்சி மைதானங்கள் பல இருப்பதால், வருஷத்துக்குப் பத்து ஆட்டமாவது நேரில் பார்த்துவிடுவேன். கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்பிரிங் டிரெயினிங் என்றால் என்ன? தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும். ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். அதற்கு முன்னால் பிப்ரவரி நடுவிலிருந்து ஆறு வாரம் போலப் பயிற்சி முகாம். 15 அணிகள் அரிசோனாவுக்கு வரும், அதற்கு காக்டஸ் லீக் என்று பெயர். மற்ற 15 அணிகள் ஃபுளோரிடாவுக்குப் போகும், அது கிரேப்ஃப்ரூட் லீக். முதலில் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அந்தப் பந்தைப் பிடிப்பவர்கள்) வருவார்கள், சில நாள் கழித்து மற்றவர்கள். பிப்ரவரி கடைசி வாரம் முதல் அணிகள் தங்களுக்குள் 30 ஆட்டம் போல ஆடிக்கொள்ளும். இந்த ஆட்டங்களில் அடித்த ரன்னோ, விட்ட ரன்னோ, வெற்றியோ, தோல்வியோ எதுவும் சீசன் கணக்கில் சேராது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலையில் இருந்தால் அப்படியே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வெளிநாட்டுத் தொடருக்கு முன்னால் நடக்கும் பயிற்சி ஆட்டம் மாதிரி என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, இந்த முகாமில் சிலருக்கு வேலையே போகலாம் என்பது.

கணக்கில் சேராத ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்?

நவம்பர் தொடங்கி பிப்ரவரி பாதி வரை பேஸ்பாலே இல்லாமல் காய்ந்து கிடந்தவர்கள் நாங்கள். முதல் நாள் மட்டையில் பந்து படும் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ‘இந்தப் பையன் இந்த வருஷம் எங்கேயோ போகப்போகிறான்’, ‘அவருக்கு வயசாகிவிட்டது, முடிந்தது’ என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆசைதான். ஆனால் அந்தத் தீர்ப்பை எதை வைத்து எழுதுகிறோம் என்று கொஞ்சம் யோசித்தால் நல்லது.

எங்கள் அணியின் இளம் பேட்டர் .400க்கு மேல் அடிக்கிறார். நம்பலாமா?

சந்தோஷப்படுங்கள், ஆனால் இப்போதே பந்தயம் கட்டாதீர்கள். (.400 என்பது பேட்டிங் சராசரி: பத்து முறை அடிக்கப் போனால் நான்கு ஹிட், அதாவது பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வது.)

2013இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் ஸ்பிரிங் டிரெயினிங்கில் .419 அடித்தார். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் முந்தைய வருஷம் டபுள் ஏ வரைதான் ஆடியிருந்தார், அதற்கு மேலே கடைசிப் படியான டிரிபிள் ஏயை மிதித்ததே இல்லை. டேவிட் ஓர்டிஸ் காயத்தோடு இருந்ததால் அணியில் ஓர் இடம் காலியானது. ரசிகர்களும் ‘கூட்டிக்கொண்டு போங்கள், இவனை விட்டுவிடாதீர்கள்’ என்று கத்தினார்கள். முதல் நாளே நியூயார்க்கில் யாங்கீஸுக்கு எதிராக இறங்கினார். 31 முறை அடிக்கப் போய் மூன்றே மூன்று ஹிட், சராசரி .097. ஏப்ரல் முடிவதற்குள் மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த வருஷம் மொத்தமாக .189.

2017இல் யாங்கீஸின் கிரெக் பேர்ட். தோள் அறுவை சிகிச்சையால் 2016 முழுக்க ஆடாதவர், திரும்பி வந்த மார்ச்சில் .451 அடித்தார், எட்டு ஹோம் ரன். முகாம் முடியும் தறுவாயில் தானே அடித்த ஃபவுல் பந்து கணுக்காலில் பட்டது. சீசன் தொடங்கியதும் 60 முறை அடிக்கப் போய் ஆறு ஹிட். வருஷ முடிவில் சராசரி .190.

இருவருமே திறமை இல்லாதவர்கள் என்று அர்த்தம் இல்லை. பிராட்லி 2016இல் தொடர்ந்து 29 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். 2018இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் விருது வாங்கினார், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். அந்தத் திறமையை .419 என்ற எண் காட்டவில்லை. அதன் பிறகு வந்த .097உம் காட்டவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேட்டர் மார்ச் முழுக்க அதிகபட்சம் 60 முறை போல அடிப்பார். அதில் 15 ஹிட் என்றால் .250, 21 ஹிட் என்றால் .350. ஒருவரைச் சுமார் என்றும் இன்னொருவரை நட்சத்திரம் என்றும் சொல்லவைப்பது ஒரு மாதத்தில் ஆறே ஆறு ஹிட். அரிசோனாவின் மேகமே இல்லாத மதிய வானத்தில் ஃபீல்டர் கண்ணுக்குத் தப்பிய ஒன்று, காற்று தூக்கிக்கொண்டு போன ஒன்று, ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற பத்தொன்பது வயசுப் பையன் தடுமாறிய ஒன்று. ஆறில் பாதி அங்கேயே போய்விட்டது.

அப்படியானால் மோசமாக ஆடினாலும் கவலை வேண்டாமா?

இதற்கு ஷோஹெய் ஓத்தானியின் 2018 மார்ச்சை விட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஜப்பானிலிருந்து ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்த முதல் வருஷம், முகாம் அரிசோனாவின் டெம்பியில். 32 முறை அடித்து நான்கு ஹிட், சராசரி .125, ஒரு டபுள்கூட இல்லை. காக்டஸ் லீக் ஆட்டங்களில் பிட்சராக மூன்று இன்னிங்ஸ்கூட முழுதாக வீசவில்லை, அதற்குள் ஈஆர்ஏ (ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் சராசரியாகக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 27.00. ‘பள்ளிக்கூடப் பையன் மாதிரி அடிக்கிறான்’ என்று ஸ்கவுட்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. மைனர் லீக்குக்கு அனுப்பச் சொல்லி எழுதியவர்கள் நிறைய.

சீசனுக்குச் சில நாட்களே இருந்தபோது அவர் ஒரு விஷயத்தை மாற்றினார். பந்து வரும்போது முன்காலை உயரத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கால் கட்டை விரலைத் தரையிலேயே வைத்து குதிகாலை மட்டும் லேசாகத் தூக்க ஆரம்பித்தார். அமெரிக்க பிட்சர்களின் வேகத்துக்கு அந்த நொடிப் பொழுது மிச்சமானது. ஏப்ரல் 1இல் பிட்சராக முதல் வெற்றி. ஏப்ரல் 3, 4, 6 என்று அடுத்தடுத்து ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஹோம் ரன். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் விருது அவருக்கே.

அந்த மார்ச்சில் எண்களைப் பார்த்தவர்களுக்கு .125 தெரிந்தது. கால்களைப் பார்த்தவர்களுக்கு ஒருவர் தன் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் அப்போது எண்களைத்தான் பார்த்தேன். இன்றைக்கு இதையெல்லாம் எழுதத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஹோம் ரன் அடித்தால் அது யார் பந்தில் என்று பார்க்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். ஸ்பிரிங் ஆட்டம் ஒன்றுக்குள் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் நான்கைந்து இன்னிங்ஸ் வரை நமக்குத் தெரிந்த பெயர்கள். அப்புறம் அவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், மைனர் லீக் பையன்கள் உள்ளே வருவார்கள்.

மேசாவில் கப்ஸ் அணியின் மைதானத்துப் புல்மேட்டில் ஒருமுறை துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் எதிரணி பிட்சர் ஓடி வந்தார். சட்டையில் 97 என்ற எண் மட்டும், முதுகில் பெயர் இல்லை. என் கையிலிருந்த அச்சடித்த பட்டியலில் அந்த எண்ணே இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் ஸ்கோர் புத்தகத்தில் பெயருக்குப் பதிலாக 97 என்றே எழுதிக்கொண்டார். மேஜர் லீக்கில் நாலைந்து வருஷம் ஆடிய ஒரு பேட்டர், இடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தவர், அந்தப் பையனின் இரண்டாவது பந்தை இடது பக்க வேலிக்கு மேல் அனுப்பினார். மறுநாள் எல்லா இடத்திலும் அந்த ஹோம் ரன்தான் பேச்சு. வீசியது யார் என்று ஒருவரும் எழுதவில்லை.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஸ்பிரிங் எண்களோடு எதிராளியின் தரத்துக்கும் ஒரு எண் போடுகிறார்கள். 10 என்றால் எதிரில் நின்றவர்கள் மேஜர் லீக் தரம், 8 என்றால் டிரிபிள் ஏ, 7 என்றால் டபுள் ஏ. .380 அடித்தவரின் பக்கத்தில் 7க்குக் கிட்டத்தட்ட ஓர் எண் இருந்தால், அந்த .380ஐக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். .240தான் அடித்திருக்கிறார், ஆனால் பக்கத்தில் 9க்கு மேல் என்றால், அவருக்காகப் பரிந்து பேச எனக்குத் தயக்கமே இல்லை.

பிட்சர் அடிவாங்குகிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பேட்டரை விடப் பிட்சர் விஷயத்தில்தான் ரசிகர்கள் அதிகம் அவசரப்படுகிறார்கள்.

ஒரு ஸ்டார்டிங் பிட்சர் மார்ச்சில் 15 இன்னிங்ஸ் வீசி நான்கு ரன் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். ஈஆர்ஏ 2.40. அடுத்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் போனால் ஈஆர்ஏ 5.06 ஆகிவிடும். காலையில் அபாரம் என்றவர்கள் மாலையில் முடிந்தது கதை என்பார்கள். மாறியது ஒரு கால் மணி நேரம்.

அதோடு, அனுபவமுள்ள பிட்சர்கள் பலர் மார்ச்சில் அவுட் எடுக்க வீசுவதே இல்லை, பந்தைப் பழக்க வீசுகிறார்கள். ஒரு மதியம் பின்பக்கப் பயிற்சி மைதானத்தில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஓர் இடக்கை வீரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெரிய ஆயுதம் பக்கவாட்டில் விலகிப் போகும் ஸ்லைடர் பந்து. அன்றைக்கு அதைத் தொடவே இல்லை. ஒரே பேட்டருக்கு அடுத்தடுத்து நான்கு சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் மாதிரியே கையசைத்து மெதுவாக வீசும் பந்து). அடுத்து என்ன வரும் என்று அந்த பேட்டருக்கும் தெரிந்துவிட்டது, நான்காவதை வலது பக்க மூலைக்கு அடித்துவிட்டார். பிட்சர் பந்து போன திசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தார், கேட்சரிடம் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார், ‘இன்னும் தாழ்வாகப் போயிருக்க வேண்டும்’ என்கிற மாதிரி. அடுத்த பந்தும் சேஞ்ச்அப்தான், இந்த முறை முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஸ்கோர் அட்டையில் இதெல்லாம் எப்படி வரும்?

ஒரு விஷயத்தை மட்டும் நான் கண்டிப்பாகப் பார்ப்பேன்: ஃபாஸ்ட்பாலின் வேகம். வேகத்துக்கு எதிராளியின் தரமும் தெரியாது, காற்றும் தெரியாது. பிப்ரவரியில் போன வருஷத்தை விட மணிக்கு ஒரு மைல் குறைவாக இருப்பது சகஜம், கை சூடேற நாளாகும். மார்ச் மூன்றாவது வாரத்திலும் இரண்டு மூன்று மைல் குறைவாகவே இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். கூடியிருந்தால் ஈஆர்ஏ என்னவாக இருந்தாலும் மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொள்வேன்.

வேறு எந்த எண்ணை நம்பலாம்?

ஸ்டிரைக் அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) வாக்கும் (walk, நான்கு தவறான பந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது). பந்து மட்டையில் பட்ட பிறகு ஃபீல்டர், வெயில், புல்தரை, அதிர்ஷ்டம் என்று பலர் கை வைத்துவிடுகிறார்கள். ஸ்டிரைக் அவுட்டிலும் வாக்கிலும் பெரும்பாலும் பிட்சரும் பேட்டரும் மட்டும்தான். ரஸல் கார்ல்ட்டன் என்ற ஆய்வாளர் எந்த எண் எப்போது நம்பும்படி ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார். பேட்டரின் ஸ்டிரைக் அவுட் விகிதத்துக்கு ஏறக்குறைய 60 முறை களமிறங்கினால் போதும், வாக்குக்கு 120. பேட்டிங் சராசரிக்கோ 900க்கும் மேல் வேண்டும். முழு சீசன் ஆடினால்கூட 600, 700தான் வரும்.

ஆக, போன வருஷம் மூன்றில் ஒரு தடவை ஸ்டிரைக் அவுட் ஆனவர் இந்த மார்ச்சில் ஆறில் ஒரு தடவைதான் ஆகிறார் என்றால், சராசரி .220 ஆக இருந்தாலும் உட்கார்ந்து கவனியுங்கள். அங்கே ஏதோ நடக்கிறது.

அரிசோனா, ஃபுளோரிடா வித்தியாசம் உண்டா?

உண்டு. ஃபீனிக்ஸ் பகுதி கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றும் வறண்டது. பந்து தூரம் போகும், கர்வ்பால் அவ்வளவாக வளையாது. ஃபுளோரிடா கடலோரம், ஈரக்காற்று. அதனால் அரிசோனாவில் ஒரு பிட்சரின் ஈஆர்ஏ 4.50 என்றால் எனக்குப் பெரிதாகத் தோன்றாது.

அணியின் வெற்றி தோல்விக்காவது அர்த்தம் இருக்கிறதா?

2016 காக்டஸ் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 24 வெற்றி, 8 தோல்வி. ஊரெல்லாம் அதே பேச்சு. சீசனில் 69 வெற்றி, 93 தோல்வி. அதே மார்ச்சில் ஜெயித்ததை விடத் தோற்றதே அதிகமாக முகாமை முடித்த சிகாகோ கப்ஸ், சீசனில் 103 ஆட்டங்களை ஜெயித்து, 108 வருஷம் கழித்து உலகத் தொடரைக் கைப்பற்றியது.

நன்றாக ஆடியவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்களே, இது நியாயமா?

பல சமயம் நியாயம் இல்லைதான். ஆனால் எல்லா முடிவும் ஆட்டத்தை வைத்து எடுக்கப்படுவதில்லை. சீசன் தொடங்கும்போது அணியில் 26 பேருக்குத்தான் இடம். ஒரு இளம் வீரரைச் சில வருஷங்கள் வரை அணி தன் விருப்பப்படி கீழே அனுப்பலாம், அதற்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். ஆப்ஷன் தீர்ந்துவிட்ட வீரரைக் கீழே அனுப்பப் பார்த்தால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடலாம். இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஆப்ஷன் தீர்ந்தவர் மேலேயும் மீதமிருப்பவர் கீழேயும் போவார்கள். மார்ச் எண்கள் என்ன சொன்னாலும் சரி.

இன்னொரு காரணம் பணம். 2015இல் கப்ஸின் கிரிஸ் பிரையண்ட் ஸ்பிரிங்கில் .425, ஒன்பது ஹோம் ரன். அவரை விட நன்றாக ஒருவர் ஆட முடியாது. ஆனாலும் கீழே அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏப்ரல் 17இல் மேலே கொண்டு வந்தார்கள். அந்தச் சில நாள் தாமதத்தால், ஒரு முழு வருஷச் சேவைக்குத் தேவையான 172 நாள் அவருக்கு நிரம்பவில்லை. அணியின் பிடியில் கூடுதலாக ஒரு வருஷம் இருக்க வேண்டி வந்தது. அந்த வருஷமே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். எதிர்த்து முறையிட்டும் பார்த்தார், 2020இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. எனக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை.

அப்படியானால் இந்த ஆட்டங்கள் யாருக்குத்தான் முக்கியம்?

கடைசி இரண்டு மூன்று இடங்களுக்குப் போராடுபவர்களுக்கு. அணியின் பட்டியலில் இல்லாமல், முகாமுக்கு மட்டும் அழைக்கப்பட்டு வந்தவர்களுக்கு. 33 வயசில் முழங்கை அறுவை சிகிச்சை முடித்து, இன்னும் ஒரு வருஷம் ஆட முடியும் என்று நிரூபிக்க வந்தவர்களுக்கு.

எப்போதாவது ஒருவர் மார்ச்சிலேயே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவார். 2001இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் முகாமில் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற 21 வயசுப் பையன். முந்தைய வருஷத்தின் பெரும்பகுதியை சிங்கிள் ஏயில் கழித்தவர். அடித்துக்கொண்டே இருந்தார், பாபி போனியா காயமடைந்ததும் இடம் கிடைத்தது. அந்த சீசனில் .329, 37 ஹோம் ரன், 130 ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்). அன்று மார்ச்சிலேயே ‘இவன் நிஜம்’ என்று சொன்ன ரசிகர்கள் சொன்னது சரிதான். அதனால்தான் மார்ச்சில் பார்ப்பதே வீண் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது.

காயச் செய்திகளை எப்படி வாசிப்பது?

‘லேசான இறுக்கம்’, ‘முன்னெச்சரிக்கையாக ஓய்வு’ என்று சொன்னால் பெரும்பாலும் அதுவேதான், மார்ச்சில் யாரும் வலியோடு ஆட வேண்டியதில்லை. பிட்சரின் முன்கை, முழங்கை என்று வந்தால் மட்டும் ஸ்கேன் முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் சரியாக வராது.

நேரில் போக வாய்ப்பு கிடைத்தால் எங்கே பார்ப்பது?

மைதானத்துக்கு ஆட்ட நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள், அங்கே அனுமதி இருந்தால் பின்பக்க மைதானங்களைச் சுற்றி நடங்கள். டிக்கெட் எடுக்கும்போது புல்மேடு போதும், விலை குறைவு, குழந்தைகளும் ஓடலாம். ஆனால் புல்பென் (பிட்சர்கள் வீசிக் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடம்) பக்கமாக உட்காருங்கள். பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தத்தை வைத்தே வேகம் கூடியிருக்கிறதா என்று நாளடைவில் காதுக்குப் பிடிபடும். தொப்பி, தண்ணீர் இரண்டையும் மறக்காதீர்கள்.

வீரர்கள் வேலியோரம் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அப்போது அவர்களிடம் சராசரியைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்களுக்கு அது தெரியும். ஒரு பையன், 80க்கு மேற்பட்ட எண் போட்டவன், என் மகள் நீட்டிய பந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் தனியாக எழுதிக் கொடுத்தான். படிக்க முடியாமல் போய்விடக் கூடாது என்று. அடுத்த வாரம் அவனைக் கீழே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பந்து இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. டிரிபிள் ஏ ஸ்கோர்களில் அவன் பெயரைத் தேடிப் பார்க்கும் வழக்கமும் மகளுக்கு வந்துவிட்டது.

சரி, எந்தத் தேதியிலிருந்து நான் தீவிரமாகப் பார்க்கலாம்?

மார்ச் கடைசிப் பத்து நாள். அப்போது ஸ்டார்டிங் பிட்சர்கள் ஐந்து ஆறு இன்னிங்ஸ் வீசுவார்கள், முக்கிய பேட்டர்கள் ஏழாவது இன்னிங்ஸ் வரை நிற்பார்கள், பெயரில்லாத சட்டைகள் குறைந்திருக்கும். அந்தப் பத்து நாளில் யார் எந்த இன்னிங்ஸில் களத்தில் இருக்கிறார் என்று மட்டும் குறித்து வையுங்கள். மேனேஜர் வாயைத் திறக்காவிட்டாலும், ஆறாவது இன்னிங்ஸிலும் இரண்டாவது பேஸில் நிற்பவர் யாரோ, முதல் நாள் ஆட்டத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் அவரைத்தான் பார்ப்பீர்கள்.